கறுவாத்தோட்டத்து நோர்வே வீடு: 1996 – 2023

துரொண்ட்ஹெய்மில் இருக்கும் எங்கள் ஆட்கள் செத்தவீட்டுக்குப் போகாமல் விடுவதில்லை. பனி கொட்டினாலும், இரவு வேலை முடித்த களைப்பிலும், நாலு பேராகச் சேர்ந்து ஒரு காரில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார்கள். ஊரில் தூரத்துச் சொந்தம் ஒன்று தவறினாலும் எட்டு எப்போது, முப்பத்தொன்று எப்போது என்று நினைவு வைத்துக் கேட்பார்கள். 2023 ஜூலை முடிவில் கொழும்பில் நோர்வே தூதரகம் மூடப்பட்டபோது மட்டும் யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. விடுமுறை முடிந்து தமிழ்ப் பள்ளி தொடங்கிய சனிக்கிழமை, பிள்ளைகளை இறக்கிவிட்டு வாசலில் நின்று கதைத்த பெற்றோரில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த வீட்டுக்கு ஓர் இரங்கல் எழுதப்பட வேண்டும். நோர்வேயிலிருந்து, தமிழில் எழுதப்பட வேண்டும்.

1996இல் திறந்த தூதரகம் அது. இருபத்தேழு வருடம் இருந்தது. வெளிநாட்டுப் பணிமனைகளை மாற்றியமைப்பதாக ஒஸ்லோ 2022 செப்டம்பரில் அறிவித்தபோது மூடப்படும் பட்டியலில் கொழும்பும் வந்தது. இப்போது இலங்கை அலுவல்களைப் புது டெல்லியிலுள்ள நோர்வே தூதரகம் பார்க்கிறது. உறவு முறியவில்லை, சண்டை எதுவும் இல்லை. அரசுகள் தூதரகம் திறப்பதும் மூடுவதும் சாதாரண நிர்வாக வேலைதான். ஆனால் கறுவாத்தோட்டத்தில் இருந்த அந்தப் பணிமனை, ஈழத்தமிழர் வாழ்வும் சாவும் பத்து வருடத்துக்கு மேல் நாள்தோறும் பேசப்பட்ட இடம். அங்கிருந்து போன ஒவ்வோர் அறிக்கையிலும் வன்னியும் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் இருந்தன. இன்று அந்த நகரத்தில் நோர்வேயின் கண்ணும் காதுமாக இருக்க ஒரு தூதரகம் இல்லை.

நோர்வேக்குத் தூதரகம் என்பது சின்ன விடயம் அல்ல. இந்த நாடு பிறந்ததே அதைக் கேட்டுத்தான். சுவீடனோடு ஒரே மன்னரின் கீழ் இருந்த காலத்தில், தன் கப்பல்களும் மாலுமிகளும் போகும் துறைமுகங்களில் தனக்கென்று துணைத்தூதர்கள் வேண்டும் என்று நோர்வே கேட்டது. 1905இல் நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் நிறைவேற்றியது. மன்னர் இரண்டாம் ஒஸ்கார் ஒப்பமிட மறுத்தார். அமைச்சரவை விலகியது, ஜூன் 7ஆம் திகதி ஒன்றியம் முடிந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 22இல் புதிய மன்னர் ஏழாம் ஹோகூன் முடிசூடியது எங்கள் ஊரில், நிதாரோஸ் பேராலயத்தில். அந்தப் படிக்கட்டில் வெயில் காயும்போதெல்லாம் எனக்கு இது நினைவில் வரும். வெளியுலகில் தன் குரலில் பேச ஓர் ஆள் வேண்டும் என்ற ஆசைதான் இங்கே ஓர் அரசாகியது. அந்த ஆசை எங்களுக்குப் புரியாததா?

இந்த நாடு எங்கள் பக்கம் வந்தது கடல் வழியாக. 1952இல் நோர்வே தன் முதலாவது வளர்ச்சி உதவித் திட்டத்தை இந்தியாவில், கேரளத்தின் நீண்டகரையில், மீனவரிடையே தொடங்க உடன்பட்டது. நாலு வருடம் கழித்து, மீன்பிடித் தொழில் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து அந்தோனி இராஜேந்திரம் நோர்வே வந்தார். இங்கே வந்த முதல் தமிழராக அவரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் முன்னின்று தொடங்கிய சீநோர் நிறுவனம் 60களின் பிற்பகுதியில் காரைநகரில் படகு கட்டியது, குருநகரில் வலை பின்னியது. அதில் சேர்ந்து உழைத்தவர்களில் ஒருவர் ஆர்னே பியோர்டொப்ட், நோர்வேயின் பத்திரிகையாளர், அரசியல்வாதி. சீநோரின் தொடர்பைப் பிடித்துக்கொண்டு நாட்டார் உயர்பள்ளிகளுக்குப் படிக்க வந்த இளைஞர்கள் இங்குள்ள தமிழ்ச் சமூகத்தின் முதல் வரிசை. இன்னொரு பக்கம், நோர்வேயின் உதவிப் பணம் 1979 முதல் அம்பாந்தோட்டை மாவட்டத்தின் கிராம அபிவிருத்திக்குப் போனது. பின்னாளில் ஜனாதிபதியான மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டம் அது. வன்னிக்குப் போகுமுன்பே நோர்வேக்காரர் தெற்கைப் பார்த்திருந்தார்கள் என்பதைக் கொழும்பின் நோர்வே எதிர்ப்பு ஊர்வலங்கள் மறைத்துவிட்டன, நாங்களும் மறந்துவிட்டோம்.

கறுவாத்தோட்டத்து வீட்டின் முதல் முகம் ஜோன் வெஸ்ட்போர்க். அவர் தூதுவராக வருமுன்பே இலங்கையை அறிந்தவர். 70களில் ரெட் பார்னா என்ற குழந்தைகள் நல அமைப்பின் பொறுப்பாளராக அங்கே இருந்தவர். அமைச்சுக்கும் உதவி அமைப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் ஆட்கள் மாறி மாறிப் போய்வருவது நோர்வேயின் வழக்கம். அதை நோர்வே மாதிரி என்றே பெயர் வைத்துப் படிக்கிறார்கள். யான் எகலாந்து 1988இல் எழுதிய நூலின் வாதமே, மனித உரிமை விடயத்தில் வல்லரசு செய்ய முடியாததைச் சிறிய நாடு செய்யலாம் என்பது. சில வருடங்களில் அவரே வெளிநாட்டு அமைச்சின் அரசச் செயலாளரானார். எழுதியதை நடத்திப் பார்க்க ஓர் அமைச்சு கையில் கிடைத்தது. 1993இல் பலஸ்தீனர்–இஸ்ரேலியர் உடன்படிக்கை, 1996இல் குவாத்தமாலா, அதற்குப் பின் நாங்கள்.

எங்கள் கதைக்குள் எரிக் சொல்ஹெய்ம் வந்த விதம் வேடிக்கை போலத் தோன்றும், ஆனால் உண்மை. சோஷலிச இடது கட்சிக்குப் பத்து வருடம் தலைவராக இருந்து 1997இல் இறங்கியவர், ஒரு நூல் எழுத அமைதியான இடம் தேடினார். பியோர்டொப்ட் இலங்கைக்கு அழைத்தார். 1998இல் அங்கே தங்கித் தன் அரசியல் நினைவுகளை எழுதினார். அது 1999இல் வெளிவந்தது. நினைவுக் குறிப்பு என்பது எல்லாம் முடிந்தபின் ஓய்வில் எழுதுவது என்று நினைத்திருப்போம். இங்கே நினைவுக் குறிப்பு எழுதப் போன இடத்தில் ஒரு நாட்டின் பத்து வருட வெளியுறவுக் கொள்கைக்கு வித்து விழுந்தது.

அதே காலத்தில் வன்னியில் விடுதலைப் புலிகளின் மதியுரைஞர் அன்ரன் பாலசிங்கத்தின் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தது. அவரை வெளியே கொண்டுவர நோர்வே ஊடாகக் கேட்டார்கள். ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க விதித்த நிபந்தனைகளைப் புலிகள் ஏற்கவில்லை. பாலா அண்ணை 1999இன் தொடக்கத்தில் கடல் வழியாக வெளியேறி லண்டன் சேர்ந்தார். 2000 பெப்ரவரியில் ஒஸ்லோவில் அவருக்குச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தது. அந்த மனிதரின் இளமையை அறிந்தவர்களுக்கு இதில் இன்னொன்றும் தெரியும்: கொழும்பில் பிரித்தானியத் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர் அவர். தூதரகம் எப்படி எழுதும், எதை எழுதாமல் விடும் என்று உள்ளிருந்து பார்த்தவர். பின்னாளில் மேசைக்கு மறுபக்கம் அவ்வளவு லாவகமாக இருந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2000 நவம்பர் 1இல் சொல்ஹெய்மும் வெஸ்ட்போர்க்கும் மல்லாவியில் புலிகளின் தலைவர் பிரபாகரனைச் சந்தித்தார்கள். அந்தப் படம் எங்கள் வீடுகளில் எத்தனை தரம் பார்க்கப்பட்டது! எல்லோரும் பார்த்தது பிரபாகரனையும் சொல்ஹெய்மையும். வெஸ்ட்போர்க் பக்கத்தில் இருந்தார். அரசியல்வாதி விமானம் ஏறிப் போய்விடுவார். அடுத்த நாள் காலை கொழும்பில் அமைச்சரின் தொலைபேசிக்குப் பதில் சொல்வதும், டெல்லியின் தூதுவருக்கு விளக்குவதும், ஒஸ்லோவுக்கு அறிக்கை எழுதுவதும் வீட்டில் இருப்பவர் வேலை. நோர்வேயின் இலங்கைக் கொள்கை ஒரே தடத்தில் போனதற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு. வொல்லபெக், யாக்லாந்து, பீட்டர்சன், ஸ்தூர என்று நாலு வெளிநாட்டு அமைச்சர்கள் மாறினார்கள். கிறிஸ்தவ மக்கள் கட்சி, தொழிற்கட்சி, பழமைவாதக் கட்சி, மறுபடி தொழிற்கட்சி. இடதுசாரியான சொல்ஹெய்மும் பழமைவாதக் கட்சியின் விதார் ஹெல்கிசனும் ஒரே வேலையைச் சேர்ந்து செய்தார்கள். எதிர்க்கட்சியின் ஆளைப் புதிய அரசு வைத்துக்கொண்டது. நாங்கள் பிறந்த நாட்டில் கனவிலும் நடக்காத காரியம் இது.

2002 பெப்ரவரியின் யுத்தநிறுத்த ஒப்பந்தத்தை இன்னொரு தரம் எடுத்து வாசியுங்கள். சில பக்கங்கள்தான். இரு தரப்பும் ஒரே அறையில் இருந்து ஒப்பமிடவில்லை. பிரபாகரன் வன்னியில் ஒப்பமிட்டார். பிரதமர் ரணில் விக்கிரமசிங்க 22ஆம் திகதி வவுனியாவில் ஒப்பமிட்டார். இடையில் காகிதத்தைக் கொண்டுபோனது நோர்வே. நாலாம் பிரிவின் கடைசிப் பகுதிதான் என் கண்ணில் எப்போதும் நிற்கும். எந்தத் தரப்பாவது விலக விரும்பினால் பதினான்கு நாள் முன்கூட்டி நோர்வே அரசுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்கிறது அது. ஐநாவுக்கு இல்லை, இந்தியாவுக்கு இல்லை, மறு தரப்புக்கும் இல்லை. ஒரு போரை மறுபடி தொடங்குவதற்கான கடிதம் கொடுக்கும் விலாசமாக அந்த வீடு இருந்தது.

அந்தக் காகிதம் செய்த நல்லதை அந்த நாட்களில் ஊருக்குப் போனவர்கள் மறக்க முடியாது. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அந்தக் கோடையில் துரொண்ட்ஹெய்மில் எத்தனை குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டன. ஓமந்தையில் இராணுவத்தின் சோதனை, இரு பக்கமும் கண்ணிவெடிச் சிவப்பு நாடா கட்டிய சூனியப் பிரதேசம், அதைத் தாண்டினால் புலிகளின் சோதனை, படிவம், வரி, புழுதி. முகமாலையில் மறுபடி எல்லாம். நோர்வே மொழியில் கேள்வி கேட்டுக்கொண்டு வரும் பிள்ளைகளுக்குத் தாய்மார் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து அடக்குவார்கள். அம்மம்மாவை முதல் தரம் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். அவர்களில் பலர் இப்போது இங்கே தாதியராக, பொறியியலாளராக வேலை செய்கிறார்கள். அந்தப் பயணத்துக்கு வழி திறந்தது ஒரு தூதரகத்தின் வருடக்கணக்கான பொறுமை என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரங்கல் என்றால் குறையை மறைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அது பொருந்தாது. 2002இன் இறுதியில் புலிகளின் வானொலிக்கான கருவிகள் தூதரகத்தின் பெயரில் இறக்கப்பட்டன. ரணில் அரசு சம்மதித்தது உண்மை. ஆனாலும் ஜனாதிபதி சந்திரிகா கொதித்தார், தெற்கில் நோர்வேயின் நடுநிலைமேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் கரைந்தது. சமாதானப் பேச்சின் அனுசரணையாளரான நோர்வே தன் விலாசத்தை ஒரு தரப்பின் பொதிக்குக் கொடுத்திருக்கக் கூடாது. நோர்வேயின் தலைமையில் நோர்டிக் நாடுகள் ஐந்தும் அனுப்பிய கண்காணிப்புக் குழுவுக்கு எழுத மட்டுமே அதிகாரம் இருந்தது. சிறுவரைப் படையில் சேர்த்ததையும், மாற்றுக் கருத்துள்ளவர்களைச் சுட்டதையும் அது பதிந்தது. நிறுத்த முடியவில்லை. அந்தப் பதிவுகளில் பெரும் பங்கு புலிகளின் மீறல்கள் என்பதை நாங்கள் இங்கே உரத்துச் சொல்லாமலே இருந்தோம். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், ஒன்றிய நாட்டுக் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள். சுவீடனும் டென்மார்க்கும் பின்லாந்தும் போய்விட்டன. நோர்வேயும் ஐஸ்லாந்தும் மிச்சம். அதற்குப் பிறகும் நோர்வே அனுசரணையாளர் என்ற பெயரைச் சுமந்துகொண்டு நின்றது. 2008 ஜனவரியின் தொடக்கத்தில் அரசின் அறிவித்தல் அந்த விலாசத்துக்கு வந்தது. பதினான்கு நாள் எண்ணி, 16ஆம் திகதி ஒப்பந்தம் முடிந்தது.

இதையெல்லாம் நோர்வே தானே ஆள் வைத்து விசாரித்தது என்பதற்காக இந்த நாட்டை மதிக்கிறேன். பேர்கனின் மிக்கல்சன் நிறுவனமும் லண்டன் பல்கலைக்கழகத்தின் கிழக்கத்திய, ஆபிரிக்க ஆய்வுப் பள்ளியும் சேர்ந்து எழுதிய மதிப்பீடு 2011 நவம்பரில் ஒஸ்லோவில் வெளியிடப்பட்டது. தலைப்பிலேயே சமாதானத்தின் பகடைக்காய்கள் என்று வந்தது. பலமில்லாத நடுவரை இரு தரப்பும் தங்கள் தேவைக்கு நகர்த்தின என்பதும், நிலைமை கெட்டபின் நோர்வே விலகுவதை யோசித்திருக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். தோற்ற ஒரு கொள்கையைப் பற்றி அரசே பணம் கொடுத்து இப்படி எழுத வைத்து, கூட்டம் போட்டு வெளியிடுவதை நாங்கள் வேறெங்கே கண்டோம்?

மதிப்பீடு ஒரு வகை எழுத்து. நினைவுக் குறிப்பு வேறு. இந்தச் சமாதான முயற்சியைச் சுற்றி ஒரு தட்டு நிறைய நினைவு நூல்கள் இருக்கின்றன. 1985 முதல் 1989 வரை கொழும்பில் இந்தியத் தூதுவராக இருந்த ஜே.என். தீட்சித் 1998இல் 'அசைன்மென்ட் கொழும்பு' எழுதினார். தொழில்முறை இராஜதந்திரி எப்படி நினைவு எழுத வேண்டும் என்பதற்கு நான் காட்டும் நூல் அதுதான். இந்தியா தவறாகக் கணித்த இடங்களை அவர் தயங்காமல் சொல்கிறார். தன் நாட்டின் கை எங்கே நடுங்கியது என்பது வாசகனுக்குத் தெரிகிறது. அவரோடு எனக்கு எத்தனையோ பிணக்கு உண்டு, ஆனால் அவரோடு பிணங்கும் அளவுக்கு அவர் எழுதிவைத்துவிட்டுப் போனார். 2016இல் சிவசங்கர் மேனன் எழுதிய 'சாய்சஸ்' நூலில் இலங்கைப் போரின் முடிவுக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. அவரும் கொழும்பில் தூதுவராக இருந்தவர், போர் முடிந்தபோது இந்திய வெளியுறவுச் செயலாளர். நிதானமான எழுத்து. அந்த நிதானமே எனக்கு வாசிக்கக் கடினமாக இருந்தது.

இலங்கைத் தரப்பில் ரணில் அரசின் பாதுகாப்புச் செயலாளர் ஒஸ்டின் பெர்னாண்டோவின் நூல் 2008இல் வந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது ஜோன் குணரத்ன 2007இல் வெளியிட்டது. வெளிநாட்டுச் சேவையில் காலம் கழித்து, அரசின் சமாதானச் செயலகத்தில் வேலை செய்தவர் அவர். பேச்சு மேசையின் இரண்டாம் வரிசையிலிருந்து பார்த்ததாகத் தன் நூலின் தலைப்பிலேயே சொல்கிறார். முதல் வரிசையில் இருப்பவர் தன் முகத்தையும் எழுதுவார். இரண்டாம் வரிசைக்காரர் அந்த முகங்களின் பின்னால் நடந்த தாள் பரிமாற்றத்தை எழுதுகிறார்: எந்த வரைவு எப்போது வந்தது, யார் பதில் போடவில்லை. வெளியுறவுக் கொள்கை என்று பெரிதாகச் சொல்கிறோமே, அது பெரும்பாலும் இந்தத் தாள் வேலைதான்.

நோர்வேத் தரப்பின் குரலை 2015இல் மார்க் சால்ட்டர் தொகுத்தார். பெரிய நூல், நல்ல உழைப்பு. சொல்ஹெய்மும் ஹெல்கிசனும் அதில் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். டிராக்வொல் வளாகத்தில் வரலாறு படிக்கும் என் பெறாமகளிடம் அதைக் கொடுத்தேன். முழுதும் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"பெரியப்பா, இதில எல்லாரும் கதைக்கினம். எங்கட ஆக்கள் எங்க?"

பாலசிங்கத்தின் 'வார் அண்ட் பீஸ்' நூலை எடுத்துக் கொடுத்தேன். 2004இல் வந்தது. கொடுக்கும்போதே அது போதாது என்று எனக்குத் தெரியும். அந்த நூல் முடியும் இடத்தில்தான் கதையின் கொடிய பகுதி தொடங்குகிறது. 2006 டிசம்பரில் அவர் லண்டனில் மறைந்தார். 2007 நவம்பரில் புலிகளின் அரசியற்துறைப் பொறுப்பாளர் தமிழ்ச்செல்வன் விமானக் குண்டில் இறந்தார். புலிகளின் சமாதானச் செயலகத்தை நடத்திய புலித்தேவன் 2009 மே 18இல் இறந்தார். அந்தச் செயலகம் கிளிநொச்சியில் சேர்த்துவைத்திருந்த கோப்புகளை இன்று எந்த மாணவரும் போய் வாசிக்க முடியாது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததைப் பற்றி நாங்கள் ஆண்டுதோறும் பேசுகிறோம். இந்த இழப்பைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஆக, இரு தரப்பையும் ஒரே நாளில், ஒரே கையால், உடனுக்குடன் எழுதிவைத்த இடம் கறுவாத்தோட்டத்து வீடு. வெஸ்ட்போர்க்குக்குப் பின் ஹான்ஸ் பிரட்ஸ்கர், அவருக்குப் பின் டோரே ஹட்ரெம் என்று தூதுவர்கள் மாறினாலும் எழுதுவது நிற்கவில்லை. கிளிநொச்சியில் பேசிவிட்டுத் திரும்பிய மாலையே எழுதிய அறிக்கைக்கு, பத்து வருடம் கழித்து ஓர் அமைச்சர் நினைவுகூர்ந்து சொல்வது ஈடாகாது. நினைவு எழுதுபவருக்கு முடிவு தெரியும். அறிக்கை எழுதியவருக்கு அது தெரியாது. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சை இடைநிறுத்தியபோது, அது ஒரு மாத மனத்தாங்கலா, முறிவா என்று கொழும்பிலிருந்த நோர்வேக்காரர் என்ன நினைத்தார்? அதை அன்றைய தாள்தான் சொல்லும்.

தாள் எப்போதும் இருந்துவிடும் என்று நம்ப முடியாது. 1993இன் ஒஸ்லோ உடன்படிக்கையை ஆராய்ந்த நோர்வே வரலாற்றாசிரியர் ஹில்ட ஹென்ரிக்சன் வோகெ வெளிநாட்டு அமைச்சின் ஆவணங்களில் தேடினார். அவ்வருடம் ஜனவரி முதல் செப்டம்பர் வரை நடந்த இரகசியப் பேச்சுகளின் தாள்களே அங்கே இல்லை என்று கண்டார். உலகம் முழுதும் இந்த நாட்டின் பெயரைக் கொண்டுபோன நிகழ்வுக்கே அந்தக் கதி. பங்கெடுத்தவர்கள் சொன்ன கதை பல வருடம் வரலாறாக ஓடியது. ஆவணம் தேடிப் போனவருக்கு வெறும் தட்டு.

துரொண்ட்ஹெய்மில் பழைய ஆவணங்கள் இருக்கும் இடம் டோரா. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களுக்காகத் துறைமுகத்தில் கட்டிய கொங்கிறீற் கட்டடம். கூரை மட்டும் மூன்று மீற்றருக்கு மேல் தடிப்பு. போர் முடிந்தபின் இடிப்பதற்கு வழியில்லாமல் விட்டார்கள். இப்போது உள்ளே மாநில ஆவணக் காப்பகம், நகராட்சிக் கோப்புகள், தேவாலயப் பதிவேடுகள். வெளிநாட்டு அமைச்சின் தாள் அங்கே வராது, அது ஒஸ்லோவில். ஆனால் வாசிப்பறையில் இருந்து, நூறு வருடத்துக்கு முந்திய ஒரு மீனவக் கிராமத்தின் வரிப் பட்டியலைப் பென்சிலால் குறிப்பெடுக்கும் முதியவரைப் பார்த்தால், இந்த மக்கள் தாளை எவ்வளவு மதிக்கிறார்கள் என்று விளங்கும். எதிரி கட்டிய பதுங்குகுழிக்குள் தங்கள் ஊரின் ஒவ்வொரு பெயரையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எங்கள் பெயர்கள் உள்ள தாளுக்கும் அந்தப் பத்திரம் வேண்டும்.

கேட்பதற்கு வழி இருக்கிறது. 2009 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள நோர்வேயின் தகவல் சட்டத்தின்படி எவரும், எந்த நாட்டவரும், காரணம் சொல்லாமல் அரசிடம் ஓர் ஆவணத்தைக் கேட்கலாம். வெளியுறவு நலன் என்று சொல்லி மறுக்க அதில் ஒரு பிரிவு உண்டு. மறுத்தால் மேலிடத்தில் முறையிடலாம். இங்கே பிறந்து, நோர்வே மொழியில் சட்டமும் வரலாறும் படித்த தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய தாய் தந்தையருக்கு இந்த மொழியில் ஒரு கடிதம் எழுத இன்னொருவரின் உதவி தேவைப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. தூதரகம் மூடியபின் அதன் தாளைக் கேட்டு நிற்க உரிமையுள்ள வாரிசுகள் அவர்களே. ஒவ்வொரு மே மாதமும் ஒஸ்லோவில் கூடி நினைவு விளக்கு ஏற்றுவதோடு இதையும் ஒரு வேலையாக எடுக்க வேண்டும். ஒருவர் கேட்டால் மறுப்பது எளிது. வருடம் தோறும் பத்துப் பேர், தனித்தனித் திகதி குறிப்பிட்டுக் கேட்டால் அமைச்சுக்கும் பதில் எழுதுவது கடமையாகும்.

எதை முதலில் கேட்பது என்று பெறாமகள் கேட்டாள். 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி விழுந்தது. பெப்ரவரி 3இல் நோர்வேயும் அமெரிக்காவும் ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் சமாதான முயற்சியின் இணைத்தலைமை நாடுகளாக ஓர் அறிக்கை விட்டு, ஆயுதத்தைக் கீழே வைப்பது பற்றிப் பேசுமாறு புலிகளைக் கேட்டன. சர்வதேசக் கண்காணிப்பில் போரை முடித்து மக்களைக் காப்பாற்ற ஒரு திட்டம் வைத்ததாகவும், பிரபாகரன் அதை ஏற்கவில்லை என்றும் சொல்ஹெய்ம் பலமுறை சொல்லியிருக்கிறார். மே 17இல் புலித்தேவன் தொலைபேசியில் அழைத்ததாகவும், வெள்ளைக் கொடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள் என்று தாங்கள் சொன்னதாகவும், அதற்குள் காலம் கடந்துவிட்டதாகவும் அவரே சொன்னார். இவை எல்லாம் ஒரு மனிதரின் நினைவிலிருந்து வந்தவை. அந்த மாதங்களில் கொழும்பில் தூதுவராக இருந்தவர் ஹட்ரெம். வன்னியின் சிறு துண்டு நிலத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தூதரகம் கணித்தது, மருத்துவமனைகள் மேல் எறிகணை விழுந்ததை எந்த நாளில் அறிந்தது, டெல்லியிடமும் வாஷிங்டனிடமும் என்ன கேட்டது, அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐநா செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் சொன்னது. கொழும்பில் இருந்த அந்த வீடு அதை அன்றன்று எப்படி எழுதியது என்று தெரிய வேண்டும்.

2009 ஜனவரி 2 முதல் மே 18 வரை, கொழும்பிலிருந்து ஒஸ்லோவுக்குப் போன அறிக்கைகள். அவற்றை முதலில் கேள் என்றேன். அடுத்து 2003 ஏப்ரல்.